சைக்ளோன் டெய்லரின் இன்னொரு வேலை

ஐஸ் ஹாக்கியின் ஆரம்பகாலத்தைப் பற்றி எங்கே படித்தாலும் சைக்ளோன் டெய்லர் என்ற பெயர் வந்துவிடும். பெயர் வந்த கையோடு, அவர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே போய்க் கோல் அடித்த கதையும் வந்துவிடும். நல்ல கதைதான், நானும் கீழே சொல்கிறேன். ஆனால் பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய வாழ்க்கையில் முக்கியம் என்று நான் நினைக்கும் விஷயம் அரை வரியில் முடிந்துபோகிறது: கோப்பைகளை வென்ற அந்த வருஷங்களில் அவர் கனடா அரசின் குடிவரவுத் துறையில் ஓர் ஊழியராகவும் இருந்தார். எந்த அணிக்கு ஆடினார், எதற்கு ஆடமாட்டேன் என்று மறுத்தார், ஏன் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனார் என்பதில் பாதி அந்த வேலையைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். 1914-ல் வான்கூவர் துறைமுகத்தில் இந்தியர்கள் வந்த கப்பலுக்கு நடந்ததிலும் அவருக்குப் பங்கு இருக்கிறது.

ஃப்ரெடெரிக் டெய்லர் பிறந்தது 1884-ல், ஒன்டாரியோ மாகாணத்தில் டாரா என்ற சின்ன ஊரில். வளர்ந்தது லிஸ்டோவெல். பெரிய குடும்பம், பணம் கிடையாது. பள்ளியை விட்டதும் பியானோ தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். அந்தக் காலத்து ஹாக்கியை நடத்தியவர்கள் விளையாட்டுக்குக் காசு வாங்குவது கேவலம் என்று உறுதியாக நம்பினார்கள். வீட்டில் வசதி இருப்பவனுக்கு அப்படி நம்புவது சுலபம். தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பி இருக்கும் ஒருவன் வாரத்தில் ரெண்டு நாள் வேலையை விட்டுவிட்டு ரயிலேறிப் போய் ஆடிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகை நியாயம்? நடைமுறையில் மேசைக்கு அடியில் காசு கைமாறிக்கொண்டுதான் இருந்தது, வெளியே தெரிந்தால் மட்டும் தடை.

டெய்லருக்குத் தடை வந்தது காசு வாங்கியதற்காகக்கூட இல்லை. டொரான்டோ மார்ல்பரோஸ் அணிக்கு ஆடவரும்படி ஒன்டாரியோ ஹாக்கி சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டார், இவர் வரமாட்டேன் என்றார். அப்படியானால் இந்த மாகாணத்தில் எங்கேயும் ஆடமுடியாது என்று ஒரு முழுப் பருவத்துக்குத் தடை போட்டார்கள். இருபது வயதுப் பையன், கால்களில் அப்படி ஒரு வேகம், ஒரு குளிர்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். தன் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்பதை அந்த வருஷத்தில் அவர் நன்றாக யோசித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அதற்கப்புறம் எந்தச் சங்கமும் எந்த முதலாளியும் சொன்னதற்காக மட்டும் அவர் ஓர் இடத்தில் இருந்ததே இல்லை.

1906 தொடக்கத்தில் மனிடோபாவில் இருக்கும் போர்ட்டேஜ் லா பிரெய்ரிக்குப் போனார். தங்க இடம், சாப்பாடு, மாதம் 25 டாலர். சில ஆட்டங்கள்தான் ஆடினார், அதற்குள் அமெரிக்காவிலிருந்து அழைப்பு. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் ஹோட்டன் என்று ஒரு செம்புச் சுரங்க ஊர். கனடாவில் பிறந்த ஒரு பல் மருத்துவர், டாக் கிப்சன், அங்கே போர்ட்டேஜ் லேக்ஸ் என்ற அணியை உருவாக்கி வைத்திருந்தார். 1904-ல் அந்த அணியும் இன்னும் நான்கு அணிகளும் சேர்ந்து சர்வதேசத் தொழில்முறை ஹாக்கி லீகைத் தொடங்கின. ஆட்டக்காரனுக்குச் சம்பளம் தருகிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்ன முதல் ஹாக்கி லீக் அதுதான். ஐந்தில் நான்கு அணிகள் அமெரிக்காவில் இருந்தன, ஆடியவர்கள் மட்டும் ஏறக்குறைய எல்லோரும் கனடாக்காரர்கள். செம்பு விலை நன்றாக இருந்த வருஷங்கள், ஊரில் பணம் புழங்கியது, சுரங்கத் தொழிலாளர்கள் டிக்கெட் வாங்கி வந்து பார்த்தார்கள். பருவத்தின் மீதிப் பகுதிக்கு டெய்லருக்கு 400 டாலரும் செலவும் கொடுத்தார்கள். 1906, 1907 இரண்டு வருஷமும் அந்த அணிதான் சாம்பியன். அப்புறம் 1907-லேயே லீக் மூடப்பட்டது. அதற்குள் கனடாவிலும் பணம் கொடுத்து ஆட்களை எடுக்க ஆரம்பித்துவிட்டதால் நல்ல ஆட்டக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். கனடாவில் தடை வாங்கிய ஓர் இளைஞன் எல்லை தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சம்பாதித்தான், அவனை யாரும் வழியில் நிறுத்தி வைக்கவில்லை.

அன்றைய ஆட்டம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் ஏன் அவ்வளவு விலைபோனார் என்பது புரியும். ஒரு பக்கம் ஏழு பேர். கோல்கீப்பர், தற்காப்புக்கு பாயின்ட், கவர் பாயின்ட் என்று ரெண்டு பேர், நிலையான இடமில்லாமல் தேவைப்பட்ட பக்கம் போகும் ரோவர், முன்னால் மூன்று பேர். முப்பது முப்பது நிமிஷமாக ரெண்டு பாதி, இறங்கியவர்கள்தான் பெரும்பாலும் கடைசிவரைக்கும் நிற்பார்கள். முன்னோக்கி பாஸ் கொடுக்கக் கூடாது. உனக்கு முன்னால் நிற்கும் ஆளுக்குப் பந்தைத் தள்ளமுடியாது (பந்து என்று சொல்கிறேன், அது ரப்பர் வட்டு, பக்). ஆகவே பக்கை எதிரிப் பக்கம் கொண்டுபோக ஒருவன் அதைத் தன் மட்டையிலேயே வைத்துக்கொண்டு நான்கைந்து பேரைத் தாண்டிச் சறுக்கியாக வேண்டும். இன்றைய ஆட்டத்தில் வேகம் பல திறமைகளில் ஒன்று, அன்று ஏறக்குறைய அதுதான் எல்லாமே. டெய்லர் அளவுக்கு வேகமாக, திசையை மாற்றி மாற்றிச் சறுக்கக்கூடியவர் அப்போது யாரும் இல்லை என்று அவரோடு ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

1907 கடைசியில் ஒட்டாவா அவரை எடுத்தது. சம்பளத்தோடு இன்னொன்றையும் கொடுத்தது: தலைநகரில், மத்திய அரசின் உள்துறையில், குடிவரவுப் பிரிவில் ஒரு குமாஸ்தா வேலை. அன்றைக்கு ஒட்டாவா அணியால் மட்டுமே கொடுக்க முடிந்த ஒரு பொருள் அது. ஹாக்கிப் பருவம் என்பது இயற்கையான ஐஸ் இருக்கிற ரெண்டரை, மூன்று மாதம். ஒரு முழங்கால் உடைந்தால் அதோடு சரி. காப்பீடு கிடையாது, சங்கம் கிடையாது, அடுத்த வருஷம் லீக் இருக்குமா என்பதே சந்தேகம், ஹோட்டனில் அதை அவர் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தரும் அரசு உத்தியோகத்தை அந்த நிலையில் ஒருவர் எப்படிப் பற்றிக்கொள்வார் என்பதைத் தமிழ் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒட்டாவாவில்தான் பட்டப்பெயர் வந்தது. 1908 ஜனவரியில் மான்ட்ரியல் வாண்டரர்ஸோடு நடந்த ஆட்டத்தைப் பார்க்க, கனடாவில் பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஏர்ல் கிரே வந்திருந்தார், அந்த நான்காம் எண் ஆள் ஒரு சூறாவளி என்று அவர் சொன்னதாகவும், அது ஒரு பத்திரிகையாளர் காதில் விழுந்ததாகவும் சொல்வார்கள். ஒட்டாவா அவரைக் கவர் பாயின்டில் நிறுத்தியது, அதாவது தற்காப்பில். தற்காப்பு ஆள் பக்கை எடுத்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடிக் கோல் அடிப்பதை ரசிகர்கள் அதுவரை அவ்வளவாகப் பார்த்ததில்லை. 1909-ல் ஒட்டாவா, கனடா ஹாக்கியின் மிகப் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

அடுத்து ரென்ஃப்ரூ. ஒட்டாவாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும், வெண்ணெய்ப் பண்ணைகளுக்குப் பேர்போன சின்ன ஊர். அங்கே எம். ஜே. ஓப்ரையன் என்ற ரயில், வெள்ளிச் சுரங்கக் கோடீஸ்வரரும் அவர் மகன் ஆம்ப்ரோஸும் எப்படியாவது ஸ்டான்லி கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்துவிடுவது என்று இறங்கினார்கள். பெரிய அணிகளின் லீக் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்க்காவிட்டால் நாமே ஒன்று தொடங்குவோம் என்று 1909 டிசம்பரில் தேசிய ஹாக்கி சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள், இன்று ஐஸ் ஹாக்கியின் முதன்மை லீகாக இருக்கும், 1917-ல் பிறந்த என்.எச்.எல். அதிலிருந்துதான் கிளைத்தது. மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி உருவானதும் அதே ஓப்ரையன் பணத்தில்தான்.

டெய்லருக்கு ரென்ஃப்ரூ கொடுத்தது 5,250 டாலர், பன்னிரண்டு ஆட்டங்களுக்கு. ஓர் ஆட்டத்துக்கு 437 டாலர் சொச்சம். நான்கு வருஷத்துக்கு முன் மாதம் 25 டாலருக்கு ஆடியவர். அந்தக் கணக்கில் ஓர் இரவு ஆட்டம் பதினேழு மாதச் சம்பளத்துக்கு மேல். லெஸ்டர் பாட்ரிக், ஃப்ராங்க் பாட்ரிக் சகோதரர்களையும் அதே அணி விலைகொடுத்து வாங்கியது. இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பருவத்தில் ரென்ஃப்ரூ மூன்றாவது இடம்தான். கோப்பை வரவே இல்லை.

பின்னோக்கி அடித்த கோல் இந்தக் காலத்துக் கதை. ஒட்டாவா அணியைப் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே கடந்து கோல் போடுவேன் என்று டெய்லர் சவால் விட்டதாகச் செய்தி பரவியது. 1910 பிப்ரவரியில் ஒட்டாவாவுக்கு ஆடப்போனபோது பழைய ரசிகர்கள் அவர்மேல் கையில் கிடைத்ததை எல்லாம் எறிந்தார்கள், கோலும் விழவில்லை. மார்ச்சில் ரென்ஃப்ரூவில் திரும்ப ஆடியபோது ரென்ஃப்ரூ 17–2 என்று ஜெயித்தது, அதில் ஒரு கோல் அவர் பின்னோக்கிச் சறுக்கி அடித்தது என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போனார், கடைசியில் திரும்பிவிட்டு அடித்தாரா என்பதைப் பற்றி அன்றிலிருந்தே வாக்குவாதம்தான். 17–2 என்று போய்க்கொண்டிருக்கும் ஆட்டத்தில் யாரும் உயிரைக் கொடுத்துத் தடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அவருடைய திறமைக்குச் சாட்சியாக இந்தக் கோலைக் காட்டுவதைவிட 1918 வரைக்கும் அவர் அடித்ததைக் காட்டலாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1911–12. ரென்ஃப்ரூ அணி கலைக்கப்பட்டது, அதன் ஆட்டக்காரர்களை மற்ற அணிகள் பங்கிட்டுக்கொண்டன. டெய்லர் மான்ட்ரியல் வாண்டரர்ஸ் பங்குக்குப் போனார். நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம், முதல்தர அணி. அவர் போகவில்லை. ஒட்டாவாவில் எனக்கு அரசு வேலை இருக்கிறது, அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். ஒட்டாவா அணிக்கு ஆடத் தயார், லீக் விடவில்லை. அந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில், அதுவும் வாண்டரர்ஸுக்கு எதிராகவே, ஒட்டாவா அவரைத் துணிந்து இறக்கியது, அந்த முடிவை லீக் ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது. மற்றபடி வருஷம் முழுக்க அவர் ஐஸ் பக்கமே வரவில்லை. தன்னை யார் எங்கே அனுப்புவது என்ற கேள்வியில் அவர் இரண்டாம் முறையாக ஒரு குளிர்காலத்தையே விட்டுக்கொடுத்தார். இந்த முறை அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது, அதனால்தான் முடிந்தது. தனித்தனியாக நிற்கும் ஓர் ஆட்டக்காரனுக்கு முதலாளிகளிடம் மறுத்துப் பேசும் வலிமையை எது தந்தது என்று கேட்டால், டெய்லர் விஷயத்தில் பதில் அந்தக் குமாஸ்தா வேலைதான்.

இதற்குள் பாட்ரிக் சகோதரர்கள் தங்கள் தந்தையின் மரத் தொழிலை விற்று வந்த பணத்தை வைத்துப் பசிபிக் கரையில் ஒரு லீகையே கட்டிவிட்டார்கள். வான்கூவரில் குளிர்காலத்தில் இயற்கை ஐஸ் நம்பும்படி உறைவதில்லை. ஆகவே செயற்கை ஐஸ் போட்டு டென்மன் அரங்கத்தை 1911-ல் திறந்தார்கள், பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கோல் ஹார்பர் என்ற துறைமுகக் கரையை ஒட்டி இருந்தது அந்த அரங்கம். இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1912 கடைசியில் டெய்லர் வான்கூவர் மில்லியனேர்ஸ் அணிக்கு வந்தார், அரசு வேலையையும் வான்கூவர் குடிவரவு அலுவலகத்துக்கு மாற்றிக்கொண்டு. மைதானத்தை மூன்றாகப் பிரிக்கும் நீலக் கோடுகளைப் போட்டு, நடுப்பகுதியில் முன்னோக்கி பாஸ் கொடுக்கலாம் என்று ஆக்கியது பாட்ரிக்குகளின் லீக்தான். அந்தத் திறந்த ஆட்டத்தில் ரோவராக நின்ற டெய்லர் ஐந்து முறை லீகில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர்.

1914 மே 23. கோமகட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் வான்கூவரின் பரார்ட் நீரிணையில் வந்து நங்கூரம் போட்டது. குர்தித் சிங் என்பவர் வாடகைக்கு எடுத்து ஹாங்காங்கிலிருந்து கிளப்பிய கப்பல். 376 பயணிகள், பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர்கள், முஸ்லிம்களும் இந்துக்களும் சிலர். எல்லோரும் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள், டெய்லரைப் போலவே. சொந்த நாட்டிலிருந்து எங்கேயும் இறங்காமல் ஒரே பயணத்தில் வந்தவர்களைத்தான் சேர்த்துக்கொள்வோம் என்று கனடா 1908-ல் ஒரு விதி வைத்திருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரும் கப்பல் கிடையாது என்று தெரிந்தே வைத்த விதி. கப்பலில் முதலில் ஏறிய கனடா அதிகாரி என்று குறிப்பிடப்படுவது ஃப்ரெட் டெய்லரைத்தான்.

முடிவுகளை எடுத்தவர் அவரில்லை, அதைச் சரியாகச் சொல்லவேண்டும். வான்கூவர் குடிவரவுத் தலைமை முகவர் மால்கம் ரீட், அந்தத் தொகுதி எம்.பி. எச். எச். ஸ்டீவன்ஸ், அவர்களுக்கு மேலே ஒட்டாவா அரசு. ஆனால் அதிகாரிகள் வரிசையில் அவரும் இருந்தார். இரண்டு மாதம் அந்தக் கப்பலை யாரும் இறங்கவிடாமல் தண்ணீரிலேயே வைத்திருந்தார்கள். குடிதண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் பயணிகள் கெஞ்ச வேண்டியிருந்தது. முன்ஷி சிங் என்பவர் பெயரில் போட்ட வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. ஏற்கெனவே கனடாவில் குடியிருந்தவர்கள் உட்பட 24 பேரை மட்டும் உள்ளே விட்டார்கள். ஜூலை 23 அன்று ரெயின்போ என்ற போர்க்கப்பல் காவலோடு மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பரில் கல்கத்தா அருகே பஜ் பஜ்ஜில் இறங்கியபோது பிரிட்டிஷ் இந்தியப் போலீஸ் சுட்டதில் ஏறக்குறைய 20 பயணிகள் செத்தார்கள்.

ஹோட்டனுக்குப் போன அந்த இளைஞனை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. வேலை தேடி எல்லை தாண்டியவர். தன் கால்களை எங்கே விற்பது என்பதைத் தானே முடிவுசெய்வேன் என்று ரெண்டு பருவங்களை இழந்தவர். அதே ஆள் சீருடை அதிகாரத்தோடு ஒரு கப்பலில் ஏறி, வேலை தேடி வந்தவர்களை எதிர்கொண்டு நிற்கிறார். இதனால் அவருடைய ஆட்டம் எனக்குச் சின்னதாகிவிடவில்லை, அதைப் படிக்கும்போது வரும் உற்சாகம் இன்னும் வருகிறது. ஆனால் கப்பலை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் சொல்லும் எழுத்து எனக்குப் பாதி எழுத்தாகத்தான் தெரிகிறது.

கப்பல் போய் எட்டு மாதம். 1915 மார்ச்சில் ஸ்டான்லி கோப்பை இறுதிப்போட்டி முதல்முறையாகப் பசிபிக் கரையில் நடந்தது, கோல் ஹார்பர் கரையின் அதே டென்மன் அரங்கத்தில். எதிரில் டெய்லரின் பழைய ஒட்டாவா அணி. 6–2, 8–3, 12–3 என்று மூன்று ஆட்டங்களையும் வான்கூவர் வென்றது. ஃப்ராங்க் நைபர், மிக்கி மெக்கே, கோலில் ஹியூ லேமன், இவர்களோடு டெய்லர். வான்கூவருக்கு வந்த ஒரே ஸ்டான்லி கோப்பை இன்றுவரை அதுதான், இன்றைய கனக்ஸ் அணி பலமுறை நெருங்கியும் வெல்லவில்லை. ஆகவே அந்த ஊர் 1915-ஐ மறக்கவே மறக்காது. 1914-ஐ நினைவுகூர அதே கோல் ஹார்பர் கரையில் நினைவுச்சின்னம் 2012-ல்தான் வந்தது, நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2016-ல்.

1917–18 பருவத்தில், 33 வயதில், 18 ஆட்டங்களில் 32 கோல். அந்த வருஷம் டொரான்டோவுக்கு எதிரான இறுதிப்போட்டியில் ஐந்து ஆட்டங்களில் அவர் ஒன்பது கோல் போட்டும் வான்கூவர் தோற்றது. 1921-ல் ஆட்டத்தை விட்டார். வேலையை விடவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா, யூக்கான் பகுதிகளின் குடிவரவு ஆணையராக உயர்ந்தார், 1946-ல் ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது, அடுத்த வருஷமே ஹாக்கி புகழ்மன்றத்தில் இடம், 1950-ல் பணி ஓய்வு. இறந்தது 1979-ல், 94 வயதில், வான்கூவரில்.

அவரைப் பற்றிய சின்ன அறிமுகக் குறிப்புகளில் கோல்கள் ஒரு பத்தியிலும் அரசுப் பதவியும் விருதும் கடைசி வரியிலும் இருக்கும். கப்பலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பக்கம் போனால் அங்கே ஹாக்கி ஒரு வேடிக்கைத் தகவலாக வரும். யாராவது இந்த ரெண்டையும் சேர்த்து, 1912-லிருந்து 1915 வரைக்கும் வான்கூவரில் அவர் பகலில் எந்த மேசையில் உட்கார்ந்தார், இரவில் எந்த ஐஸில் இறங்கினார் என்று மாதவாரியாக ஒரு புத்தகம் எழுதினால் நான்தான் முதலில் வாங்குவேன்.